திரையில் எட்டாவது ஜென், உள்ளே ஆறாவது ஜென்: பழைய லேப்டாப் வாங்கப் போகிறவர்கள் படித்துவிட்டுப் போங்கள்

ரீஃபர்பிஷ்டு லேப்டாப், அதாவது பழையதைச் சரிபார்த்துத் திரும்ப விற்கும் லேப்டாப் வாங்க யாராவது இந்த வாரம் கிளம்புகிறீர்கள் என்றால் ஒரு நாள் தள்ளிப்போட்டு இதைப் படித்துவிடுங்கள். நான் பதினோரு வருடமாக ஓஎம்ஆரில் சாஃப்ட்வேர் டெஸ்டிங் வேலையில் இருக்கிறேன். பிழை கண்டுபிடிப்பதுதான் என் சம்பளமே. அப்படிப்பட்ட நானே ஏமாந்தேன், அதுவும் அக்கா சீட்டு எடுத்துக் கொடுத்த பணத்தில். அந்த ஒரு காரணத்துக்காகத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். என் பணமாக இருந்திருந்தால் சரி, போகட்டும் என்று விட்டிருப்பேன்.

அக்கா பையன் கோவில்பட்டிப் பக்கம் ஒரு கல்லூரியில் கம்ப்யூட்டர் சயின்ஸ் இரண்டாம் வருடம் படிக்கிறான். வீட்டில் இருந்த பழைய லேப்டாப்பில் விண்டோஸ் 10. அதற்கு மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14 அன்று ஆதரவை நிறுத்திவிட்டது. கல்லூரி லேபில் எல்லாரும் விண்டோஸ் 11க்கு மாறிவிட்டார்கள், இவனும் கேட்டான். புதிது வாங்கலாம் என்று பார்த்தால் விலை கைக்கு எட்டவில்லை. ஏஐ டேட்டா சென்டர்களுக்கு மெமரி சிப் எல்லாம் போய்க்கொண்டிருப்பதால் 2025 கடைசியிலிருந்து ரேம் விலை ஏறிய ஏற்றம் உங்களுக்கே தெரியும். மைக்ரான் நிறுவனம் க்ரூஷியல் என்ற பெயரில் நம்மைப் போன்றவர்களுக்கு விற்றுவந்த ரேம், எஸ்எஸ்டி (ஃபைல்களைச் சேமிக்கும் பாகம்) தொழிலையே மூடப்போவதாக 2025 டிசம்பரில் அறிவித்துவிட்டது. கலிஃபோர்னியாவில் எவனோ பெரிய ஏஐ மாடல் பயிற்றுவிக்கிறான், கோவில்பட்டிப் பையனுக்கு லேப்டாப் விலை ஏறுகிறது. எனக்கு இது உண்மையாகவே கோபம் தரும் விஷயம், ஆனால் அதைத் தனியாக எழுத வேண்டும்.

பொங்கலுக்கு முந்தின வாரம் சென்னையில் ஒரு கடைக்குப் போனேன். பெயர் சொல்லப் போவதில்லை. இந்த வேலையை ஒரு கடை மட்டும்தான் செய்கிறது என்று நான் நம்பவும் இல்லை. சுவர் முழுக்கக் கறுப்பு நிற பிசினஸ் லேப்டாப்புகள், பெரிய கம்பெனிகள் மூன்று நாலு வருடம் ஓட்டிவிட்டுக் கழித்துக் கட்டியவை. கடைப் பையன் ஒன்றை எடுத்துத் துடைத்து வைத்தான். "ஐ5 எட்டாவது ஜென் மேடம், 16 ஜிபி ரேம், 512 ஜிபி புது எஸ்எஸ்டி, ஒரிஜினல் விண்டோஸ் 11" என்றான். ஐ5 என்பது இன்டெல்லின் ஒரு ப்ராசஸர் வகை, ஜென் என்றால் ஜெனரேஷன், அந்தச் சிப் எத்தனையாவது தலைமுறை என்பது. செட்டிங்ஸைத் திறந்து காட்டினான். ஐ5 8350யு என்று தெளிவாக இருந்தது. விண்டோஸ் 11 சுறுசுறுப்பாக ஓடியது. 24,500 ரூபாய் சொன்னான், பேரம் பேசியும் இறங்கவில்லை, ஒரு பையும் மவுசும் மட்டும் சும்மா தருவதாகச் சொன்னான். யூபிஐயில் அனுப்பினேன். பணம் கடையின் பெயரில் போகாமல் ஒரு தனி ஆளின் பெயரில் போனதைப் பார்த்தேன், கேட்கவில்லை. பில்லில் "ரீஃபர்பிஷ்டு லேப்டாப் 1" என்று மட்டும் எழுதியிருந்தது. சீரியல் நம்பர் இல்லை, மாடல் இல்லை, ஜிஎஸ்டி எண்ணும் இல்லை. அதையும் பார்த்தேன், ஊருக்கு அனுப்பும் அவசரத்தில் அதையும் கேட்கவில்லை.

எட்டாவது ஜென் என்பதை நான் ஏன் அவ்வளவு பிடிவாதமாகத் தேடினேன் என்று சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் ஏமாற்று வேலையே அந்த இடத்தில்தான் நடக்கிறது. விண்டோஸ் 11 வந்தபோது மைக்ரோசாஃப்ட் ஒரு கோடு போட்டது. டிபிஎம் 2.0 (பாதுகாப்புச் சாவிகளை வைத்திருக்கும் பகுதி) வேண்டும், செக்யூர் பூட் (மெஷின் திறக்கும்போதே நம்பகமில்லாத மென்பொருளைத் தடுக்கும் வசதி) வேண்டும், இன்டெல் என்றால் ஏறக்குறைய எட்டாவது தலைமுறையோ அதற்கு மேலோ இருக்க வேண்டும். எட்டாவது ஜென் சந்தைக்கு வந்ததே 2017 கடைசியில்தான். அதற்கு ஆறு மாதம் முன்னால் வாங்கிய ஏழாவது ஜென் மெஷின் கோட்டுக்கு அந்தப் பக்கம் போய்விட்டது. நன்றாக ஓடுகிற மெஷின்களை இப்படி ஒரே நாளில் குப்பை ஆக்கியது தப்பு என்பது என் கருத்து, இன்றைக்கும் அப்படித்தான் நினைக்கிறேன். அதன் விளைவு என்னவென்றால், ஆறாவது, ஏழாவது ஜென் லேப்டாப்புகள் சந்தையில் மூட்டை மூட்டையாகச் சேர்ந்துவிட்டன, விலை விழுந்துவிட்டது. எட்டாவது ஜென்னுக்கு மட்டும் தேவை கூடிவிட்டது. ஒரே மாதிரி வெளித்தோற்றம், உள்ளே இருக்கும் சிப் மட்டும் வேறு, விலையில் பாதிக்குப் பாதி வித்தியாசம். இந்த இடைவெளியில் யாராவது புகுந்துவிடுவார்கள் என்று நான் யோசித்திருக்க வேண்டும்.

ஒரு மாதம் கழித்துப் பையன் போன் செய்தான். "சித்தி, ஆண்ட்ராய்டு ஸ்டுடியோ எமுலேட்டர் போட்டா அப்படியே நின்னுடுது, ஃபேன் மட்டும் சுத்துது." எமுலேட்டர் என்பது லேப்டாப் திரையிலேயே ஒரு போனை ஓட்டிக் காட்டும் மென்பொருள். ரேம் 16 இருக்கே, எப்படி என்று எனக்குப் புரியவில்லை. வாட்ஸ்அப் வீடியோவில் போன் கேமராவை லேப்டாப் பக்கம் திருப்பச் சொன்னேன். கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் வரும், அதில் பெர்ஃபார்மன்ஸ், அப்புறம் சிபியு. படம் மங்கலாக இருந்தது. "கீழே வலது பக்கம் கோர்ஸ்னு இருக்கா, எத்தனை, படிடா" என்றேன்.

"கோர்ஸ் ரெண்டு சித்தி. லாஜிக்கல் ப்ராசஸர்ஸ் நாலு."

8350யு சிப்பில் நாலு கோர் (சிப்புக்குள் தனித்தனியாக வேலை செய்யும் பகுதிகள்), எட்டு த்ரெட் (திரையில் லாஜிக்கல் ப்ராசஸர்ஸ் என்று வருவது). எந்தக் கணக்கிலும் இரண்டு வராது. இன்டெல் தன் லேப்டாப்புக்கான யு வகை ஐ5 சிப்புகளை இரண்டு கோரிலிருந்து நாலு கோருக்கு மாற்றியதே எட்டாவது ஜென்னில்தான், அந்தத் தலைமுறையை எல்லாரும் தேடுவதற்கு அதுவும் ஒரு காரணம். சிபியு-இசட் என்ற சின்ன இலவச மென்பொருளை இறக்கி ஓடவிடச் சொன்னேன். அது ப்ராசஸரிடமே நேராகக் கேட்டுப் பதில் வாங்கும். ஐ5 6300யு என்று வந்தது. ஆறாவது ஜென், 2015இல் வெளியான சிப்.

அப்படியானால் செட்டிங்ஸில் 8350யு என்று எப்படி வந்தது? பையன் ஊருக்கு வந்த ஞாயிற்றுக்கிழமை நானும் போய் உட்கார்ந்து பார்த்தேன். விண்டோஸ் ப்ராசஸரின் பெயரை ரெஜிஸ்ட்ரியில் ஓர் இடத்தில் எழுதி வைத்துக்கொள்ளும், செட்டிங்ஸ் திரை அந்த எழுத்தைத்தான் எடுத்துக் காட்டுகிறது. அந்த எழுத்தை யார் வேண்டுமானாலும் மாற்றலாம். ஒவ்வொரு முறை மெஷினைத் திறக்கும்போதும் விண்டோஸ் சரியான பெயரைத் திரும்ப எழுதிவிடும் என்பதால், லாகின் ஆனவுடன் பொய்ப் பெயரை மறுபடி எழுதுவதற்கு டாஸ்க் ஷெட்யூலரில் (வேலைகளைத் தானாக ஓடவைக்கும் விண்டோஸ் வசதி) ஒரு வேலையைப் போட்டு வைத்திருந்தார்கள். பெயர் ஏதோ ஆடியோ டிரைவர் அப்டேட் மாதிரி. உள்ளே ஒரே ஒரு வரி. அந்த வரியைப் பார்த்தபோது எனக்குக் கை நடுங்கிவிட்டது. தெரியாமல் மாற்றி விற்றுவிட்டோம் என்று இனி யாரும் சொல்ல முடியாது. ஒருவன் உட்கார்ந்து யோசித்து எழுதிய வரி அது.

அந்த வேலையை நீக்கிவிட்டு ரீஸ்டார்ட் செய்ததும் செட்டிங்ஸிலும் 6300யு என்று வந்துவிட்டது. பையன் ஒன்றும் பேசவில்லை. அக்கா அடுப்படியிலிருந்து "சரியாயிடுச்சா?" என்று கேட்டாள்.

மிச்சத்தையும் பார்த்தேன். ரேம் சொன்னபடி 16 ஜிபி இருந்தது, அதை மறைக்கக் கூடாது. "புது" எஸ்எஸ்டியை, டிஸ்க்கின் நிலையைக் காட்டும் கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ மென்பொருளில் பார்த்தால் ஓடிய நேரம் 31,000 மணி நேரத்துக்கு மேல். இராப்பகலாக நிறுத்தாமல் ஓடினாலே மூன்றரை வருடம். ஒரிஜினல் விண்டோஸ் என்றார்களே, அதன் ஆக்டிவேஷன் (உரிமத்தை உறுதிசெய்யும்) பக்கத்தில் உங்கள் நிறுவனத்தின் ஆக்டிவேஷன் சேவை மூலம் இயக்கப்பட்டது என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. தனி ஆள் வாங்கிய லேப்டாப்பில் அந்த வாசகம் வர வேலையே இல்லை. கம்பெனிகளுக்கான அந்த முறையை ஏமாற்றிப் போட்ட ஆக்டிவேஷன் 180 நாளுக்கு ஒரு முறை புதுப்பிக்கப்பட வேண்டும், அதற்காகப் பின்னணியில் என்ன ஓடுகிறது என்று யாருக்கும் தெரியாது. அந்த லேப்டாப்பில் பையன் வங்கிக் கணக்கு வேறு திறந்திருக்கிறான், அன்றைக்கே எல்லா பாஸ்வேர்டையும் மாற்ற வைத்தேன்.

ஆறாவது ஜென்னில் விண்டோஸ் 11 எப்படி ஏறியது என்று கேட்பீர்கள். ரூஃபஸ் போன்ற மென்பொருளில் விண்டோஸ் ஏற்றுவதற்கான யூஎஸ்பி தயார் செய்யும்போதே அந்தத் தகுதிச் சோதனையைத் தாண்டிப் போகும் வசதி இருக்கிறது. ரூஃபஸ் நல்ல மென்பொருள், நானே தினமும் பயன்படுத்துகிறேன். தன் சொந்த மெஷினில், தெரிந்தே ஒருவர் அப்படிப் போட்டுக்கொண்டால் தப்பே கிடையாது. ஆனால் தகுதியில்லாத மெஷினுக்கு அப்டேட் வரும் என்பதற்கு உறுதி இல்லை என்று மைக்ரோசாஃப்ட் சொல்லியிருக்கிறது. அதைச் சொல்லாமல் ஒரு மாணவன் தலையில் கட்டுவது வேறு விஷயம்.

கடைக்குத் திரும்பப் போனேன். ஏழு நாள் டெஸ்டிங் வாரண்டி முடிந்துவிட்டது என்றார்கள். "சிஸ்டத்துல என்ன காட்டுதோ அதைப் பார்த்துத்தான் மேடம் நாங்களும் விக்கிறோம், எங்களுக்கு எப்படித் தெரியும்" என்றான் அதே பையன். நான் சத்தம் போடவில்லை. லேப்டாப்பைக் கவுன்டரில் வைத்து, எடுத்து வைத்திருந்த அந்த டாஸ்க்கின் படத்தைக் காட்டி, ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் ஓர் அம்மா, கல்லூரி சேரும் மகளோடு நின்று, கிட்டத்தட்ட அதே மாதிரி மெஷினுக்குப் பணம் கொடுக்கப் போனவர், கேட்டுக்கொண்டே இருந்தார். "இதுலயும் அந்த கோர் எத்தனைன்னு பாரும்மா" என்று என்னிடம் சொன்னார். நான் கை நீட்டுவதற்குள் கடைப் பையன் லேப்டாப்பைத் தன் பக்கம் திருப்பி மூடிவிட்டான். அந்த அம்மா பணத்தைப் பர்ஸில் திரும்ப வைத்தார். அதற்கு அப்புறம்தான் உள்ளே இருந்து ஓனர் வந்தார்.

வேறு மெஷின் தருகிறேன் என்றார். வேண்டாம், பணம் கொடுங்கள் என்றேன். முழுதும் தர முடியாது என்றார். 1915க்குப் புகார் கொடுக்கிறேன் என்று சொல்லி அங்கேயே நின்று பதிந்தேன். அது தேசிய நுகர்வோர் உதவி எண், கடைக்காரரோடு பேசிச் சமாதானம் செய்துவைக்கப் பார்ப்பார்கள், உத்தரவு போட முடியாது. உத்தரவு வேண்டுமென்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019 சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம், வாங்கிய பொருளின் விலை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் கிடையாது, பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு வருடம் அவகாசம், ஈ-ஜாக்ரிதி தளத்தில் வீட்டிலிருந்தே தாக்கல் செய்யலாம். இதை எல்லாம் அவரிடம் சொன்னேன். ஆனால் என் கையில் இருந்த பில்லில் எட்டாவது ஜென் என்று எங்கேயும் எழுதவில்லை என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஒன்றரை மணி நேரம் பேசி, லேப்டாப்பை நானே வைத்துக்கொள்வது, 13,000 ரூபாய் திருப்பித் தருவது என்று முடிந்தது.

ஆகவே நீங்கள் போகும்போது பணம் கொடுப்பதற்கு முன்னால் மெஷினை ரீஸ்டார்ட் செய்து பயாஸ் திரையை (விண்டோஸ் வருவதற்கு முன்னால் மெஷினே காட்டும் அமைப்புத் திரை) திறக்கச் சொல்லுங்கள். ப்ராசஸர் பெயர் பெரும்பாலும் முதல் பக்கத்திலேயே இருக்கும், விண்டோஸுக்குள் போட்ட பொய் அங்கே எட்டாது. பாஸ்வேர்டு போட்டிருக்கிறது, திறக்க முடியாது என்றால் அந்த மெஷினை வாங்காதீர்கள். கோர் எண்ணிக்கையை டாஸ்க் மேனேஜரில் பார்த்து இன்டெல் தளத்தில் அந்த சிப்புக்குப் போட்டிருப்பதோடு உங்கள் போனிலேயே ஒப்பிடுங்கள், இரண்டு நிமிட வேலை. இன்னொன்று, கம்பெனியிலிருந்து கழித்த மெஷின்களில் சில இன்னும் அந்தக் கம்பெனியின் கணக்கிலேயே பதிவாகி இருக்கும், என்றைக்காவது ரீசெட் செய்தால் அவர்கள் லாகின் கேட்டு நின்றுவிடும். கடையிலேயே ரீசெட் செய்து, நெட்டில் இணைத்து, உங்கள் கண் முன்னால் முதல் திரை வரைக்கும் வரச் சொல்லுங்கள். நேரம் ஆகும், பரவாயில்லை, உட்காருங்கள். பில்லில் ப்ராசஸரின் முழுப் பெயரும் சீரியல் நம்பரும் எழுதி வாங்குங்கள். எழுதத் தயங்குகிற கடையில் நிற்கவே வேண்டாம்.

அந்த லேப்டாப்பை முழுக்க அழித்து, 3,000 ரூபாய்க்கு 256 ஜிபி எஸ்எஸ்டி ஒன்று போட்டு, விண்டோஸுக்குப் பதிலாக இலவசமான லினக்ஸ் மின்ட் ஏற்றிக் கொடுத்தேன். ஆறாவது ஜென் கெட்ட மெஷின் இல்லை. பைதான், சி, ஜாவா எல்லாம் நன்றாக ஓடுகிறது, எமுலேட்டருக்குப் பதில் பையன் தன் போனையே கேபிளில் மாட்டிச் சோதித்துக்கொள்கிறான். ஆறாவது ஜென் என்று சொல்லியே பத்தாயிரத்துக்குக் கொடுத்திருந்தால் சந்தோஷமாக வாங்கியிருப்பேன்.

இன்று காலை அந்தக் கடையின் விளம்பரம் பேஸ்புக்கில் வந்தது. அதே படம், அதே "ஐ5 எட்டாவது ஜென், ஒரிஜினல் விண்டோஸ் 11". விலை 25,500.