ஊர்ப் பயணத்தில் பார்த்தது: எச்.எல்.எச். என்றால் நம்மூர் லேப் எதுவரை கைகொடுக்கும்?

"ஃபெரிட்டின்: 2000-க்கு மேல்." லேப் ரிப்போர்ட்டில் இப்படி ஒரு வரி இருந்தால் அப்படியே மடித்து ஃபைலில் வைத்துவிடாதீர்கள். ஃபெரிட்டின் என்பது இரும்பைச் சேமித்து வைக்கும் புரதம்; எச்.எல்.எச். நோயில் அது தாறுமாறாக ஏறும். ஆனால் இந்த 2000 ரத்தத்தில் உள்ள உண்மையான அளவு இல்லை. அந்த மெஷினால் அதற்கு மேல் எண்ண முடியவில்லை, அவ்வளவுதான். அதே சாம்பிளை டைல்யூட் செய்து மறுபடி ஓட்டினால் 3,000 வரலாம், 40,000-மும் வரலாம். மூவாயிரம் டெங்குவிலேயே வரும். நாற்பதாயிரம் வந்தால் பிள்ளையை அன்றைக்கே ரத்தவியல் டாக்டர் இருக்கிற ஆஸ்பத்திரிக்கு மாற்ற வேண்டும். "டைல்யூஷன் போட்டு ரிப்பீட் பண்ணுங்க" என்று கேட்டால் எந்த லேபும் மறுக்காது. கேட்காவிட்டால் யாரும் செய்வதுமில்லை.

மழை முடிந்த பருவத்தில் நெல்லைப் பக்கமிருந்து வேலூர் வரை பார்த்ததை வைத்து, வெளிநாட்டிலிருந்து குடும்பத்தோடு ஊருக்கு வருகிறவர்களுக்காக இதை எழுதுகிறோம். ஹீமோஃபேகோசைட்டிக் லிம்ஃபோஹிஸ்டியோசைட்டோசிஸ், சுருக்கமாக எச்.எல்.எச்., அரிதான நோய். ஆனால் அதைச் சந்தேகிக்கத் தேவையான டெஸ்ட்கள் அரிதானவை அல்ல. மாவட்டத் தலைநகரில் எல்லாமே கிடைக்கின்றன. அந்த நாலைந்து ரிப்போர்ட்டையும் ஒரே மேஜையில் ஒருவர் சேர்த்து வைத்துப் பார்ப்பதுதான் நடப்பதில்லை.

நோய் இதுதான். கிருமி புகுந்த செல்லைக் கொல்ல உடம்பில் கொல்லி அணுக்கள் உண்டு. அவை பெர்ஃபோரின் என்ற புரதத்தால் அந்த செல்லில் துளை போட்டு அழிக்கும். வேலை முடிந்ததும் எல்லாம் அடங்க வேண்டும். துளை போட முடியாமல் போனாலோ, கிருமியின் தாக்குதல் மிதமிஞ்சிப் போனாலோ, அடங்குவதற்கான சைகை வருவதே இல்லை. கிருமியை விழுங்க வேண்டிய மேக்ரோஃபேஜ் அணுக்கள் வெறிபிடித்து, சொந்தச் சிவப்பணுவையும் தட்டணுவையும் (பிளேட்லெட்) விழுங்கத் தொடங்கும். காவலுக்கு விட்ட நாய் வீட்டுக் கோழியைப் பிடிக்கிற மாதிரி. பரம்பரையாக வரும் வகையை 1952-ல் ஃபார்குவாரும் கிளேரோவும் விவரித்தார்கள். பெர்ஃபோரின் ஜீன்தான் காரணங்களில் ஒன்று என்பது 1999-ல்தான் தெரிந்தது. இன்னொரு வகை தொற்று, புற்றுநோய், மூட்டுவாத நோய்கள் போன்றவற்றின் பின்னால் வருவது. நம்மூரில் பெரியவர்களிடம் இதைத்தான் முதலில் நினைக்க வேண்டும்.

நோயைக் கண்டறிய டாக்டர்கள் பின்பற்றும் எச்.எல்.எச்.-2004 விதிப்படி, எட்டு அறிகுறிகளில் ஐந்து இருக்க வேண்டும். 38.5 டிகிரி செல்சியஸுக்குக் குறையாத காய்ச்சல். மண்ணீரல் வீக்கம். மூன்று அணு வகைகளில் குறைந்தபட்சம் இரண்டு வகை குறைவது: ஹீமோகுளோபின் 9-க்குக் கீழ், பிளேட்லெட் ஒரு லட்சத்துக்குக் கீழ், நியூட்ரோஃபில் 1,000-க்குக் கீழ். வெறும் வயிற்றில் டிரைகிளிசரைடு 265-ஐத் தொடுவது அல்லது ரத்தம் உறைய உதவும் புரதமான ஃபைப்ரினோஜன் 150-க்கு இறங்குவது. ஃபெரிட்டின் 500-ஐத் தொடுவது. எலும்பு மஜ்ஜையில் அணுவை அணு விழுங்கும் காட்சி. மீதி இரண்டும், அதாவது என்.கே. செல் (மேலே சொன்ன கொல்லி அணுக்களில் ஒரு வகை) செயல்பாடும், ரத்தத்தில் கரைந்திருக்கும் சிடி25 என்ற புரதத்தின் அளவும், பெரிய மையங்களின் வேலை. முதல் ஐந்துக்குச் சின்ன ஊர் போதும். மஜ்ஜையில் அந்தக் காட்சி இல்லை என்பதற்காக நோய் இல்லை என்று சொல்லிவிட முடியாது; ஆரம்பத்தில் பல பேருக்குத் தெரியாது.

ஈ.எஸ்.ஆர்., அதாவது சிவப்பணு படியும் வேகம் பார்க்கும் டெஸ்ட், பலரை ஏமாற்றும். காய்ச்சல் அப்படியே இருக்க ஈ.எஸ்.ஆர். மட்டும் இறங்கினால் "குணமாகுது" என்று வீட்டில் நிம்மதி வந்துவிடும். ஃபைப்ரினோஜன் தீர்ந்துபோனாலும் ஈ.எஸ்.ஆர். இறங்கும்.

அடுத்தது டியூப். நீல மூடி டியூபில் ஏற்கெனவே சிட்ரேட் திரவம் இருக்கும். ரத்தம் ஒன்பது பங்கு, சிட்ரேட் ஒரு பங்கு. காய்ச்சலில் சுருண்ட குழந்தையின் நரம்பில் ரத்தம் வராமல் பாதி டியூபோடு நிறுத்தினால் ரத்தம் நீர்த்துப்போய் ஃபைப்ரினோஜன் பொய்யாகக் குறையும். டியூபுக்குள் கட்டி தட்டினாலும் அதே கதி. கோடு வரை நிரம்பியதா, உடனே மெதுவாக நாலைந்து தடவை கவிழ்த்தார்களா என்று பக்கத்தில் நின்று பாருங்கள். ஊதா மூடி டியூபில் வேறு சிக்கல்: சிலருடைய தட்டணுக்கள் அதற்குள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், மெஷின் 30,000 என்று காட்டும். ஸ்லைடில் கண்ணால் பார்த்தால்தான் உண்மை தெரியும். என்.கே. செல் டெஸ்டுக்கான பச்சை மூடி டியூபை ஐஸில் வைக்கக் கூடாது. அறை வெப்பத்தில், 24 மணி நேரத்துக்குள் மையத்தைச் சேர வேண்டும். சனிக்கிழமை மாலை எடுத்த சாம்பிள் பெரும்பாலும் வீண்தான்.

இனி, கெடுதலிலும் நல்ல செய்தி. நம் பக்கம் இந்த நோயைத் தூண்டுபவற்றில் உண்ணிக் காய்ச்சல் என்கிற ஸ்க்ரப் டைபஸ் முக்கியமானது. புதரில் இருக்கும் மிகச்சிறு பூச்சியின் குஞ்சு கடித்து வருவது. கடித்த இடத்தில் சிகரெட்டால் சுட்டது போல, கறுத்த பொருக்கும் சுற்றிலும் சிவப்பு வளையமுமாக ஒரு புண். வலிக்காது, அரிக்காது. அக்குள், தொடை இடுக்கு, மார்புக்குக் கீழ், இடுப்பில் நாடா இறுகும் இடம், காதுக்குப் பின்னால் என்று ஒளிந்திருக்கும். துணியைக் களைந்து டார்ச் அடித்துத் தேட வேண்டும். கூச்சத்தால் பெரியவர்கள் காட்டுவதில்லை, அவசரத்தால் டாக்டர்கள் கேட்பதில்லை. ரத்த டெஸ்ட் முதல் வாரத்தில் நெகட்டிவாக வரலாம். அதற்காக மருந்தைத் தள்ளிப்போடக் கூடாது. பெரியவர்களுக்கு டாக்ஸிசைக்ளின் 100 மில்லிகிராம், ஒரு நாளைக்கு இரண்டு வேளை, ஏழு நாள். நிலைமை கடுமையானால் டாக்ஸிசைக்ளினும் அசித்ரோமைசினும் சேர்த்து நரம்பு வழியே கொடுப்பது, ஒன்றை மட்டும் கொடுப்பதைவிட மேல் என்று 2023-ல் வெளியான, வேலூர் சி.எம்.சி. முன்னின்று நடத்திய ஆய்வு காட்டியது. உண்ணிக் காய்ச்சலால் கிளம்பிய எச்.எல்.எச். பல பேருக்கு இந்த மருந்திலேயே அடங்கிவிடும். கீமோ வரை போக வேண்டியதில்லை. பப்பாளி இலைச் சாறு இந்த நோயைத் தொடவே தொடாது.

தெருமுனை கிளினிக்கில் காய்ச்சலுக்குப் போடும் ஊசியில் டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு கலந்திருக்கிறதா என்று கேட்டு எழுதி வாங்குங்கள். காய்ச்சல் ஒரே நாளில் விடும், எல்லோரும் மகிழ்வார்கள். ஆனால் அடியில் லிம்ஃபோமா என்ற நெறிக்கட்டிப் புற்றுநோய் ஒளிந்திருந்தால் அந்த ஊசி மஜ்ஜையிலும் நெறிக்கட்டியிலும் தடயத்தைக் கலைத்துவிடும். மஜ்ஜை டெஸ்ட் முதலில், ஸ்டீராய்டு பிறகு என்பதே பொது வழக்கம். உயிருக்கு ஆபத்தான நிலையில் மட்டும் இந்த வரிசை மாறும்.

எச்.எல்.எச்.-94 என்ற சிகிச்சை முறையில் முதல் இரண்டு வாரம் டெக்ஸாமெத்தசோன், உடல் பரப்பில் ஒரு சதுர மீட்டருக்குத் தினம் 10 மில்லிகிராம். கீமோ மருந்தான எட்டோபோசைட், அதே சதுர மீட்டர் கணக்கில் 150 மில்லிகிராம், வாரம் இரண்டு தடவை. மூன்றாம் வாரத்திலிருந்து ஸ்டீராய்டு பாதியாகக் குறையும், எட்டோபோசைட் வாரம் ஒரு தடவையாகும். 15 கிலோ எடை, 96 சென்டிமீட்டர் உயரமுள்ள பிள்ளைக்குப் பரப்பு சுமார் 0.63 சதுர மீட்டர். அதாவது ஒரு வேளை எட்டோபோசைட் 95 மில்லிகிராம். அதை 250 மில்லி சலைனில் கலந்து ஒன்று முதல் இரண்டு மணி நேரம் ஏற்ற வேண்டும். வேகமாக விட்டால் ரத்த அழுத்தம் விழும், கெட்டியாகக் கலந்தால் பாட்டிலிலேயே படிகம் கட்டும். மருந்து விலை உயர்ந்ததில்லை, எளிதாகக் கிடைக்கும். இந்த நோய்க்கு 2018-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற எமாபலுமாப் என்ற மருந்து பற்றி வெளிநாட்டு உறவினர்கள் வாட்ஸ்அப்பில் அனுப்பி நெருக்குகிறார்கள். அதற்காகக் காத்திருந்து முதல் வாரத்தை இழப்பதுதான் உண்மையான ஆபத்து.

பிளட் பேங்க் வாசலில்தான் அதிகம் தப்பு நடக்கிறது. உடன் இருப்பவர்கள் கையில் பைகளைக் கொடுத்து அனுப்புகிறார்கள். சிவப்பணுப் பைக்கு ஐஸ் பெட்டி வேண்டும். தட்டணுப் பைக்கு ஐஸ் ஆகவே ஆகாது. 20 முதல் 24 டிகிரியில், அசைத்தபடியே இருக்க வேண்டியது அது. இரண்டையும் ஒரே பெட்டியில் திணித்து ஆட்டோவில் கொண்டுவந்தால் ஏற்றிய தட்டணு உடம்பில் நிற்காது. "போட்டும் கவுண்ட் ஏறலையே" என்று டாக்டரிடம் சண்டை போடுவதற்கு முன் பெட்டியைப் பாருங்கள்.

ரத்தம் என்றதும் தாய்மாமன் சட்டைக் கையை மடித்துவிடுவார். வேண்டாம் என்று மரியாதையாகச் சொல்லுங்கள். பரம்பரை வகை என்றால் பின்னால் எலும்பு மஜ்ஜை மாற்று தேவைப்படலாம். அப்படி வாய்ப்புள்ள பிள்ளைக்கு நெருங்கிய உறவினர் ரத்தம் கொடுத்தால், பின்னால் அவர்களில் ஒருவரின் மஜ்ஜையை உடம்பு நிராகரிக்க வழி உண்டாகும். நோய் எதிர்ப்புக் குறைபாடு சந்தேகம் இருந்தால் கதிர்வீச்சு செய்த ரத்தம் வேண்டும். எல்லா பிளட் பேங்கிலும் அந்தக் கருவி இல்லை, முன்கூட்டியே விசாரியுங்கள்.

கைக்குழந்தைக்கு வந்தாலோ, பெற்றோர் மாமன் மகள், அத்தை மகன் முறையில் மணந்திருந்தாலோ ஜீன் டெஸ்ட் கட்டாயம். பெற்றோர் இருவரும் பழுதான ஜீனைச் சுமப்பவர்களானால் ஒவ்வொரு பிரசவத்திலும் நாலில் ஒரு பங்கு வாய்ப்பு. எச்.எல்.எச்.-ஐக் கொண்டுவரும் சில பரம்பரை நோய்களை முடியிலேயே கண்டுபிடிக்கலாம். குழந்தைக்கு முடி வெள்ளி நரையாக இருந்தால் நாலைந்து முடியை வெட்டி, ஸ்லைடில் ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, சாதாரண மைக்ராஸ்கோப்பில் பார்க்கச் சொல்லுங்கள். நிறமி பெரிய பெரிய திட்டாக, தாறுமாறாகத் தெரிந்தால் கிரிசெல்லி நோய். பொடியாக, சீராகப் பரவியிருந்தால் செடியாக்-ஹிகாஷி. இதற்குக் காசே ஆகாது. மஜ்ஜை பொருந்திய அண்ணன் தங்கை கிடைத்தாலும், அவர்களுக்கும் அதே ஜீன் பழுது இரண்டு பிரதியாக இல்லை என்று உறுதி செய்யாமல் எடுக்கக் கூடாது.

மஜ்ஜை மாற்றில் நம் பக்கம் நீண்ட அனுபவமுள்ள இடம் வேலூர் சி.எம்.சி.; 1986-லிருந்து செய்கிறார்கள். பழைய ஞாபகத்தில் ஊருக்குள் இருக்கும் ஆஸ்பத்திரியில் போய் இறங்காதீர்கள், ரத்தவியல் துறை இப்போது ராணிப்பேட்டை வளாகத்தில் இருக்கிறது.

திரும்பும்போது டிஸ்சார்ஜ் சம்மரி மட்டும் போதாது. சாயம் போடாத மஜ்ஜை ஸ்லைடுகள், பயாப்சி பிளாக், தேதிவாரியாக ஃபெரிட்டின் அளவுகள், கொடுத்த மருந்தின் மில்லிகிராம் கணக்கு எல்லாவற்றையும் கேட்டு வாங்கிக் கைப்பையில் வையுங்கள். ஸ்லைடு செக்-இன் பெட்டியில் போனால் தூளாகத்தான் வந்து சேரும். ஊரில் ஒன்றும் இல்லாமல் விமானம் ஏறியவருக்கும் பூச்சி கடித்து மூன்று வாரத்துக்குள் காய்ச்சல் கிளம்பலாம். டொராண்டோவிலோ லண்டனிலோ எமர்ஜென்சியில் உட்கார்ந்திருக்கும் டாக்டர் உண்ணிக் காய்ச்சலைப் பார்த்தே இருக்கமாட்டார். தமிழ்நாட்டில் தோட்டம், வயக்காடு எல்லாம் போய்வந்தோம் என்று முதல் வாக்கியத்திலேயே சொல்லி, உடம்பில் புண் இருந்தால் காட்டிவிடுங்கள்.