ஹோல்டிங் மணி கேட்டால் கொடுக்காதீர்கள்: வீவக வீடு தேடும் பிஆர் தம்பதிகள் கவனத்துக்கு

சிங்கப்பூரின் உட்லண்ட்ஸில் ஒரு நாலறை வீவக வீடு, அதாவது அரசாங்கத்தின் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் கட்டிய வீடு. கேட்ட விலை 620,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்). பார்க்கப் போன தம்பதி தமிழ்நாட்டிலிருந்து வந்து, இனி இங்கேதான் என்று முடிவு செய்தவர்கள். கணவருக்கு பிஆர் என்ற நிரந்தரவாசம் கிடைத்து நாலு வருடம். மனைவிக்கு இரண்டு வருடம் நாலு மாதம். கூட்டிப்போன முகவரும் தமிழர்தான். பேச்சுக்குப் பேச்சு அண்ணே, அக்கா. வீட்டைப் பார்த்துவிட்டு மின்தூக்கியில் இறங்கும்போதே ஆரம்பித்துவிட்டார்.

"அண்ணே, நாளைக்கு இன்னொரு பார்ட்டி வருது. இன்னைக்கே ஒரு மூவாயிரம் பேநவ் பண்ணிடுங்க, ஓனரை நான் பிடிச்சு வச்சுக்கிறேன். ஹோல்டிங் மணிதான். வேலை முடியலைன்னா அப்படியே திரும்பி வந்துடும்."

பேநவ் என்பது கைப்பேசி எண்ணுக்கே பணம் அனுப்பும் வசதி; பணம் போனது முகவரின் சொந்த எண்ணுக்கு. ரசீது கேட்டதற்கு வாட்ஸப்பில் ஒரு கட்டைவிரல் வந்தது. ஐந்து வாரம் கழித்து, உங்களுக்கு மறுவிற்பனை வீடு வாங்கும் தகுதி இல்லை என்று வீவக சொல்லிவிட்டது. காரணம், மனைவியின் பிஆர் மூன்று வருடத்தை எட்டவில்லை. பணத்தைத் திருப்பிக் கேட்டால், "ஓனர் தரமாட்டேங்கிறாரு, பின்வாங்குனது நீங்கதானே" என்று பதில். உரிமையாளரைத் தேடிப்பிடித்துக் கேட்டதில், அவர் கைக்கு ஒரு வெள்ளிகூட வரவில்லை.

அந்த முகவர் போலி இல்லை என்பதைக் கவனியுங்கள். சொத்து முகவர் மன்றத்தின் (சிஇஏ) பதிவேட்டில் பெயர், படம், பதிவு எண் எல்லாம் சரியாக இருக்கின்றன. பதிவேட்டைப் பார்த்தால் போதும் என்று பலரும் சொல்வார்கள். அது பாதிதான். பதிவு பெற்ற முகவரும் வீடு விற்பனைப் பணத்தைக் கையால் தொடக்கூடாது என்பது சிங்கப்பூர்ச் சட்டம். முன்பணம், ஆப்ஷன் பணம், ஹோல்டிங் மணி என்று எந்தப் பெயர் வைத்தாலும் சரி, வீவக வாடகைப் பணமாக இருந்தாலும் சரி, முகவர் வாங்கக்கூடாது. அவருடைய கமிஷன்கூட அவர் பதிவாகியிருக்கும் நிறுவனத்தின் கணக்குக்குத்தான் போகவேண்டும். முகவரின் சொந்த பேநவ் எண் வந்த இடத்திலேயே பேச்சை முடித்துக்கொள்ளலாம்.

அடுத்தது, மூவாயிரம் என்ற தொகை. வீவக மறுவிற்பனை வீட்டை வாங்கும் உரிமை ஓடிபி என்ற ஆவணத்தில் வருகிறது (கைப்பேசிக்கு வரும் ஆறிலக்க எண்ணோடு குழப்பிக்கொள்ளாதீர்கள், இது ஆப்ஷன் டு பர்ச்சேஸ்). வீவக வெளியிட்டிருக்கும் படிவத்தில் மட்டுமே அது செல்லும். தனித்தாளில் எழுதிய எந்த ஒப்பந்தத்துக்கும் மதிப்பில்லை. ஓடிபி வாங்கும்போது விற்பவருக்குக் கொடுக்கும் ஆப்ஷன் பணம் 1 வெள்ளி முதல் 1,000 வெள்ளி வரை. 21 நாளுக்குள் வாங்குவதை உறுதிசெய்து கையெழுத்திடும்போது இன்னொரு தொகை. இரண்டும் சேர்ந்து 5,000 வெள்ளியைத் தாண்டக்கூடாது. நேர்வழியில் போயிருந்தால், கையெழுத்திடும் முன் எந்தக் கட்டத்தில் விலகினாலும் அந்தத் தம்பதி இழக்கக்கூடியது அதிகபட்சம் 1,000 வெள்ளியும், வீட்டின் மதிப்பைக் கணக்கிட வீவக வாங்கும் மதிப்பீட்டுக் கட்டணம் 120 வெள்ளியும்தான். வீட்டைப் பிடித்துவைப்பதற்குச் சட்டம் வைத்த விலை அவ்வளவே. மூவாயிரம் கேட்டவர் அதை அறியாதவர் இல்லை.

இந்த வழக்கில் வரிசையே தலைகீழ். முதலில் வரவேண்டியது எச்எஃப்இ கடிதம், அதாவது வீவகவின் வீட்டுத் தகுதிக் கடிதம். 2023 மே 9 முதல், அது கையில் இல்லாமல் விற்பவரிடம் ஓடிபி வாங்க முடியாது. சிங்பாஸ் என்ற அரசாங்க மின்னடையாளம் வழியாக வீவக தளத்தில் நீங்களே விண்ணப்பிக்கலாம், முகவர் தேவையில்லை. ஆவணம் எல்லாம் சரியாக இருந்தால் ஏறக்குறைய ஒரு மாதம் ஆகும், ஒன்பது மாதம் செல்லும். தம்பதியில் ஒருவர்கூடக் குடியுரிமை பெறாத குடும்பம் என்றால், இருவருக்குமே பிஆர் கிடைத்து மூன்று வருடம் முடிந்திருக்கவேண்டும். "அண்ணனுக்கு ஆயிடுச்சுல்ல, போதும்" என்பது பொய். இது எச்எஃப்இ விண்ணப்பத்தில் முதல் நாளே பிடிபட்டிருக்கும். அதனால்தான் அந்த முகவர் எச்எஃப்இ பற்றிப் பணம் கைமாறும் வரை வாயே திறக்கவில்லை.

அதே விண்ணப்பத்தில் ஊரில் இருக்கும் சொத்தையும் சொல்லவேண்டும். வெளிநாட்டு வீடும் வீவகவின் கணக்கில் சேரும். மதுரையில் அப்பா எழுதிவைத்த வீட்டில் பங்கு, சென்னையில் கடனில் வாங்கிய ஃபிளாட் எல்லாம் இதில் அடக்கம். "இந்தியாவுல இருக்கறது இவங்களுக்கு எங்கே தெரியப்போகுது" என்று அறிவுரை சொல்கிறவரை விட்டு விலகுங்கள். பொய் உறுதிமொழி குற்றம். வீட்டையே திரும்ப எடுத்துக்கொள்ளும் அதிகாரம் வீவகவுக்கு உண்டு. அன்றைக்கு அந்த அறிவுரையாளர் உங்கள் பக்கத்தில் இருக்கமாட்டார்.

இனி, நம்மவர்கள் அதிகம் அடிபடும் இடம்: இன விகிதம். ஒரு வட்டாரத்திலும் புளோக்கிலும் ஒவ்வோர் இனத்தவருக்கும் எத்தனை வீடு என்று வரம்பு வைக்கும் இன ஒருங்கிணைப்புக் கொள்கை 1989 முதல் இருக்கிறது. இந்தியரும் மற்றவரும் என்ற பிரிவுக்கு வட்டாரத்தில் 12 விழுக்காடு, புளோக்கில் 15 விழுக்காடு உச்சவரம்பு. 2010இல் மலேசியர் அல்லாத பிஆர் குடும்பங்களுக்குத் தனி வரம்பு வந்தது: வட்டாரத்தில் 5, புளோக்கில் 8 விழுக்காடு. தமிழ்நாட்டிலிருந்து வந்த பிஆர் தம்பதி இரண்டு சல்லடையிலும் தப்பவேண்டும். 100 வீடுள்ள ஒரு புளோக்கில் இந்தியர் வரம்பு 15 வீட்டோடு நிரம்பும், பிஆர் வரம்பு எட்டோடு நிரம்பும். வரம்பு நிரம்பிய புளோக்கில் இந்தியர் ஒருவர் விற்றால் மட்டுமே இந்தியர் வாங்கலாம். பிஆர் வரம்புக்கும் அதே கணக்குத்தான்.

இதைச் சரிபார்க்க இரண்டு நிமிடம் போதும். வீவக தளத்தில் புளோக் எண், தெரு, வாங்குபவர் இனம், குடியுரிமை நிலை கொடுத்தால் முடியும், முடியாது என்று வந்துவிடும். மாதத்தின் முதல் நாளில் விகிதம் புதுப்பிக்கப்படும். 28ஆம் தேதி பார்த்த வீட்டுக்கு 3ஆம் தேதி ஓடிபி வாங்கினால், பழைய பதிலை நம்பாமல் மறுபடி பாருங்கள். விண்ணப்பம் அனுப்பும் முன்பும் ஒருமுறை. திரையைப் படம்பிடித்து வைத்துக்கொள்வது நல்லது.

இதற்கு ஒரு மறுபக்கம் உண்டு, முகவர்கள் இதைச் சொல்வதே இல்லை. ஓர் இந்தியக் குடும்பத்தின் வீடு அதே வட்டாரத்தில் மற்றதைவிட விலை குறைவாகக் கிடைத்தால், அந்த புளோக்கில் சீனர் வரம்பு நிரம்பியிருக்கிறதா என்று பாருங்கள். நிரம்பியிருந்தால் அந்த வீட்டைச் சீனர் வாங்க முடியாது. வாங்குவோர் கூட்டத்தில் பெரும்பகுதி கழிந்துவிடுவதால்தான் விலை இறங்குகிறது. நாளை நீங்கள் விற்கப்போகும்போதும் அதே கதைதான். பத்து வருடத்துக்குமேல் இருக்கப்போகிறீர்கள் என்றால் பரவாயில்லை. ஐந்து வருடக் கட்டாயக் குடியிருப்புக் காலம் முடிந்ததும் விற்கும் எண்ணம் இருந்தால், அந்த மலிவு மலிவே இல்லை.

பணக் கணக்குக்கு வருவோம். "எல்லாம் சிபிஎஃப்லயே முடிஞ்சுடும், கையில ஒரு இருபதாயிரம் இருந்தா போதும்." அந்தத் தம்பதிக்குச் சொல்லப்பட்டது இது (சிபிஎஃப் என்பது சம்பளத்திலிருந்து சேரும் மத்திய சேமநிதி). அவர்கள் தகுதி பெற்றிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அதே 620,000 வெள்ளி வீட்டை வைத்துப் பார்க்கலாம். 2014 மார்ச்சிலிருந்து, விலை பேசி ஓடிபி வாங்கிய பிறகுதான் வீவக மதிப்பீடு வரும். மதிப்பீடு 590,000 என்று வந்தால் 30,000 வெள்ளி இடைவெளி. இதற்குச் சிபிஎஃப் உதவாது, கடனும் கிடைக்காது, முழுக்க ரொக்கம். பிஆர் குடும்பத்துக்கு வீவக கடன் கிடையாது, வங்கிக் கடன்தான். வீட்டுக் கடன் வேறு எதுவும் இல்லாதவர்களுக்கு மதிப்பீட்டில் 75 விழுக்காடு வரை, 442,500 வெள்ளி. மிச்சமுள்ள 25 விழுக்காட்டில் 5 விழுக்காடு, அதாவது 29,500 வெள்ளி, கண்டிப்பாக ரொக்கம். 118,000 வெள்ளியைச் சிபிஎஃபிலிருந்து எடுக்கலாம், இருந்தால்.

முத்திரை வரி இரண்டு. சாதாரண வரி 620,000க்கு 13,200 வெள்ளி. பிஆர் தம்பதியின் முதல் வீட்டுக்குக் கூடுதல் முத்திரை வரி 5 விழுக்காடு, 31,000 வெள்ளி. இரண்டும் சேர்த்து 44,200. ஓடிபியில் கையெழுத்திட்ட 14 நாளுக்குள் கட்டவேண்டும். பெரும்பாலும் முதலில் கையிலிருந்து கட்டிவிட்டுப் பிறகு சிபிஎஃபிலிருந்து திருப்பி எடுப்பார்கள். முகவர் கமிஷன் 1 விழுக்காடு என்று வைத்தால் 6,200, ஜிஎஸ்டி சேர்ந்தால் 6,758. (கமிஷனுக்கு நிர்ணயித்த விகிதம் எதுவும் இல்லை, பேரம் பேசலாம்.) ஆக, கையில் புரளவேண்டிய ரொக்கம் 110,458 வெள்ளி. வழக்கறிஞர் செலவு தனி. இருபதாயிரம் என்று சொன்னவர் இதில் எந்த வரியையும் எழுதிக் காட்டவில்லை.

இந்தியா சிங்கப்பூர் இடையிலான சீக்கா என்ற பொருளியல் ஒத்துழைப்பு ஒப்பந்தத்தால் இந்தியருக்குக் கூடுதல் வரியில் விலக்கு உண்டு என்றொரு வதந்தி வாட்ஸப் குழுக்களில் சுற்றிக்கொண்டே இருக்கிறது. கிடையாது. அந்தச் சலுகை அமெரிக்கா, சுவிட்சர்லாந்து, நார்வே, ஐஸ்லாந்து, லீக்டன்ஸ்டைன் என்ற ஐந்து நாட்டுக்காரர்களோடு சரி. இருவருமே வேலை அனுமதியில் இருக்கும் தம்பதிக்கு வீவக வீடு வாங்கும் வழியே இல்லை. தனியார் வீடு என்றால் 2023 ஏப்ரலிலிருந்து கூடுதல் வரி 60 விழுக்காடு.

மாதத் தவணைக்கும் வரம்பு உண்டு. வீவக வீட்டுக்குத் தவணை மொத்த மாத வருமானத்தில் 30 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது. வங்கி இன்று தரும் வட்டி என்னவாக இருந்தாலும், இந்தக் கணக்கைக் குறைந்தது 4 விழுக்காட்டில் போட்டுத்தான் பார்ப்பார்கள். 442,500ஐ 25 வருடத்துக்குப் போட்டால் தவணை ஏறத்தாழ 2,336 வெள்ளி; இருவர் வருமானமும் சேர்ந்து 7,800 அளவில் வேண்டும். தவணையைக் குறைக்கலாம் என்று 25 வருடத்துக்குமேல் நீட்டினால் கடன் வரம்பே 75இலிருந்து 55 விழுக்காடாக விழுந்துவிடும்.

ஓடிபி வாங்கியபின் நாட்கள் இறுக்கமாக ஓடும். மதிப்பீட்டு விண்ணப்பத்தை அடுத்த வேலை நாளுக்குள் போடவேண்டும். பதில் வரப் பத்து வேலை நாள் வரை ஆகலாம், அதாவது இரண்டு வாரம். 21ஆம் நாள் மாலை 4 மணியோடு ஓடிபி காலாவதி, ஞாயிறும் பொதுவிடுமுறையும் அதில் அடக்கம். கையெழுத்திடும் முன் வங்கியின் கடன் கடிதம் கையில் இருக்கவேண்டும். மிஞ்சுவது ஒரு வாரம். தீபாவளியோ சீனப் புத்தாண்டோ நடுவில் வந்தால் அதுவும் இல்லை. ஆகவே வங்கியிடம் ஒப்புதலை எச்எஃப்இ விண்ணப்பிக்கும்போதே வாங்கிவிடுங்கள். விற்பவர் பக்கத்திலும் ஒன்று கேளுங்கள்: விற்கும் விருப்பத்தை வீவகவில் என்றைக்குப் பதிவு செய்தார்? பதிவாகி ஏழு நாள் கழியாமல் அவர் ஓடிபி தர முடியாது. அந்தத் தேதியைச் சொல்ல முகவர் தடுமாறினால், வீடு இன்னும் விற்பனைக்கே வரவில்லை என்று எடுத்துக்கொள்ளலாம்.

மதிப்பீட்டு இடைவெளியை மறைக்க "சோபா, ஏர்கான், கேபினெட்டுக்குத் தனியா முப்பதாயிரத்துக்கு ஒரு அக்ரிமென்ட் போட்டுக்கலாம்" என்பார்கள். போடாதீர்கள். விலையை வீவகவிடம் மாற்றிச் சொல்வது வாங்குபவருக்கும் குற்றம். தேக்கா பக்கம்தான் வேண்டும், கோவிலுக்கு நடந்தே போகலாம் என்று பழைய வீடு தேடுகிறவர்கள் குத்தகையில் மிச்சம் எத்தனை வருடம் என்று பாருங்கள். இளைய வாங்குபவரின் வயதோடு அதைக் கூட்டினால் 95 வரவேண்டும், இல்லாவிட்டால் சிபிஎஃபிலிருந்து எடுக்கக்கூடிய தொகை குறையும். 38 வயதுக்காரர் 50 வருடம் மிச்சமுள்ள வீட்டை வாங்கினால் கூட்டுத்தொகை 88தான்.

ஏற்கெனவே யாருக்காவது ஹோல்டிங் மணி அனுப்பிவிட்டீர்களா? இன்றே வாட்ஸப் உரையாடலை முழுதாக ஏற்றுமதி செய்து வையுங்கள், திரையைப் பிடித்த படம் மட்டும் போதாது. பேநவ் பதிவில் பெறுநர் பெயர் தெரியும் பக்கத்தையும் எடுத்துக்கொள்ளுங்கள். அந்தக் கைப்பேசி எண்ணைச் சிஇஏ பதிவேட்டில் தட்டிப் பாருங்கள், எண்ணை வைத்தே தேடலாம். பதிவு பெற்றவர் என்றால் அவருடைய நிறுவனத்துக்கும் சிஇஏவுக்கும் ஒரே நாளில் எழுதுங்கள். பணம் விற்பனை தொடர்பானது, முகவரின் சொந்தக் கணக்குக்குப் போனது, தேதி, தொகை: இந்த நாலும் முதல் பத்தியிலேயே இருக்கட்டும். பதிவேட்டில் ஆளே இல்லை என்றால் வங்கியைக் கூப்பிட்டுவிட்டுக் காவல் நிலையத்தில் புகார். மோசடியா இல்லையா என்று சந்தேகமாக இருந்தால் 1799 ஸ்கேம்ஷீல்டு எண்ணில் கேட்கலாம்.

உட்லண்ட்ஸ் தம்பதியின் புகார் நிறுவனத்துக்குப் போன மூன்றாம் நாள் முகவரிடமிருந்து ஆயிரம் வெள்ளி வந்தது, பேநவ் வழியாகவே. கூடவே ஒரு செய்தி: "அக்கா, கம்ப்ளெயின்ட்டை வாபஸ் வாங்கிடுங்க, மிச்சத்தை அடுத்த மாசம் போட்டுடறேன்." வாபஸ் வாங்கவில்லை. மிச்சம் இரண்டாயிரம் இன்னும் வரவில்லை.