சியரா மேட்ச்கிங் 77 கிரெய்ன்: குழலின் முறுக்கை அளந்த பிறகு வாங்குங்கள்

மேகசினில் ஏற்றிச் சுடக்கூடிய நீளத்தில், 600 கெஜம் வரையிலான இலக்குகளுக்கு, 223 ரெமிங்டன் தோட்டாவைச் சுடும் ரைபிளில் சியராவின் 77 கிரெய்ன் (கிரெய்ன் என்பது குண்டின் எடை அளவு) மேட்ச்கிங்கைவிட நம்பகமான குண்டு எனக்கு வாய்த்ததில்லை. ஆனால் இதே பெட்டியை வாங்கிவிட்டு "கண்டபடி சிதறுகிறது" என்று குறைப்பட்டுக்கொள்பவர்களையும் பார்க்கிறேன். அவர்களிடம் நான் முதலில் கேட்பது குழலின் முறுக்கு, அதாவது குழலுக்குள் திருகலாக ஓடும் வரிகள் ஒரு முழுச் சுற்றை முடிக்கும் நீளம், எத்தனை அங்குலம் என்பதைத்தான். பாதிப் பேருக்குப் பதில் தெரிவதில்லை.

குண்டின் தரத்தில் எனக்குக் குறையே இல்லை. விட்டம் 0.224 அங்குலம், நீளம் ஓர் அங்குலத்துக்கு மயிரிழை குறைவு. முனையில் ஊசித்துளை, பின்பக்கம் சரிந்து குறுகும் படகுவால். தராசில் ஒவ்வொன்றாக எடுத்து வைத்தால் எடை மாறுவதே அரிது. முன்வளைவு மென்மையானது என்பதால், தோட்டா உறைக்குள் குண்டைப் பதிக்கும் ஆழம் இம்மியளவு கூடினாலும் குறைந்தாலும் பொறுத்துக்கொள்கிறது. நீண்ட கூர்முனைக் குண்டுகள் சிலவற்றிடம் இந்தப் பொறுமை கிடையாது.

இனி குழலுக்கு வருகிறேன். பறக்கும் குண்டின் எடைமையம் பின்னால் இருக்கிறது. காற்றின் அழுத்தம் அதற்கு முன்னால் விழுகிறது. அதனால் காற்று எப்போதும் குண்டைக் கவிழ்க்கவே பார்க்கும். கவிழாமல் காப்பது சுழற்சி ஒன்றுதான். குண்டு நீள நீளச் சுழற்சியும் வேகமாக வேண்டும். கடையில் எல்லோரும் எடையைச் சொல்லியே குண்டைக் கேட்கிறோம். குழலுக்கு முக்கியமோ நீளம். 1879இல் பிரிட்டிஷ் கணிதவியலாளர் கிரீன்ஹில் தந்த பழைய வாய்பாட்டில் குண்டின் எடைக்கு இடமே இல்லை, நீளமும் விட்டமும்தான். ஈயமில்லாத முழுச் செம்புக் குண்டு அதே எடையில் இன்னும் நீளமாக இருப்பதால் இன்னும் வேகமான, அதாவது அங்குல எண் குறைந்த, முறுக்கைக் கேட்பதும் இதனால்தான்.

பிற்காலத்தில் டான் மில்லர் தந்த வாய்பாடு எடையையும் வேகத்தையும் காற்றின் அடர்த்தியையும் சேர்த்துக்கொள்கிறது. விடையாக வரும் நிலைப்பு எண் 1.5ஐத் தாண்டினால் நிம்மதி. ஒன்றுக்குக் கீழே போனால் குண்டு கவிழும். நொடிக்கு 2,750 அடி வேகத்தில் இந்த 77 கிரெய்னுக்குக் கணக்குப் போட்டால், 8 அங்குலத்துக்கு ஒரு சுற்று சுற்றும் குழலில் 1.7ஐ ஒட்டி வருகிறது. 9 அங்குலக் குழலில் 1.4க்குக் கீழே இறங்கிவிடுகிறது. 10 அங்குலத்தில் ஏறத்தாழ 1.1தான். குளிரில் காற்று அடர்ந்தால் அதுவும் குறையும். உற்பத்தியாளரும் 7 முதல் 8 அங்குல முறுக்கையே பரிந்துரைக்கிறார்.

9 அங்குலக் குழலில் இது கவிழாது. வெயில் நாளில் 100 கெஜத்தில் துளைகள் நெருங்கிய அழகான கூட்டம்கூட விழும். ஆனால் நிலைப்பு 1.5க்குக் கீழே இருக்கும்போது குண்டு மெல்லத் தள்ளாடிக்கொண்டே போவதால் காற்றின் இழுவை கூடுகிறது, தூரத்தில் வேகம் முன்னதாகவே வடிகிறது. அந்தக் குழல் உள்ளவர்களுக்கு நான் சொல்வது இதே வரிசையின் 69 கிரெய்ன். நீளம் குறைவு என்பதால் 9 அங்குலத்திலேயே 1.6ஐத் தாண்டி நிற்கிறது.

முறுக்கு போதாவிட்டால் என்ன ஆகும் என்பதைப் பயிற்சித் திடலில் பக்கத்து மேடையில் பார்த்தேன். 12 அங்குல முறுக்குள்ள பழைய ரைபிள், இதே 77 கிரெய்ன் பெட்டி. அட்டையைக் கொண்டுவந்து காட்டியபோது, வட்டத் துளைகள் இருக்கவேண்டிய இடத்தில் குண்டின் பக்கவாட்டு உருவமே சாவித்துவாரம்போல் கிழிந்திருந்தது. ஒரு விளிம்பில் ஈயச் சாம்பல் தீற்றல். "பெட்டி போலியோ, தம்பி?" என்று கேட்டார் அந்தப் பெரியவர். "பெட்டி நல்ல பெட்டிதான் ஐயா, உங்கள் குழலுக்கு 52, 53 கிரெய்ன்தான் பொருந்தும்" என்றேன். அந்தக் கட்டைக் குண்டுகளில் அதே ரைபிள் மிக ஒழுங்காகச் சுட்டது.

குழலின் மேல் பொறித்த எண்ணை மட்டும் நம்பவேண்டாம், அளப்பது எளிது. ரைபிளில் தோட்டா இல்லை என்று உறுதி செய்துகொள்ளுங்கள். கைப்பிடி தாராளமாகச் சுழலும் துப்புரவுக் கம்பியில் துணியை இறுக்கமாகச் சுற்றிக் குழலுக்குள் செலுத்துங்கள். துணி வரிகளைப் பற்றியதும் கம்பியின் மேல்பக்கத்தில் ஒரு புள்ளி வையுங்கள். மெதுவாகத் தள்ளத் தள்ளப் புள்ளி சுழன்று மறுபடி மேலே வரும். அதற்குள் கம்பி எத்தனை அங்குலம் உள்ளே போனதோ அதுவே உங்கள் முறுக்கு. துணி வழுக்கினால் அளவு தப்பும், திரும்பச் செய்துபாருங்கள்.

7 அங்குலக் குழல் வைத்திருப்பவர்கள் "முறுக்கு கூடிப்போயிற்றே" என்று கவலைப்படத் தேவையில்லை. 8 அங்குலத்திலேயே இந்தக் குண்டு நிமிடத்துக்கு ஏறத்தாழ 2,47,500 சுற்று சுற்றுகிறது. 7 அங்குலத்தில் இன்னும் கூடும். மேட்ச்கிங்கின் ஈயத்தை மூடிய உலோக உறை அதைத் தாங்கும். மெல்லிய உறையுள்ள இலகுக் குண்டுகளை அதிவேகத்தில் விடும்போதுதான் நடுவானில் உடைந்து சிதறும் ஆபத்து.

ஆயிரம் கெஜத்துக்கு இதை நான் எடுத்துப் போகமாட்டேன். அங்கே எட்டுவதற்குள் வேகம் ஒலியின் வேகத்தை நெருங்கிவிடுகிறது, கூட்டம் கலைகிறது. அந்தத் தூரத்துக்கு 80 கிரெய்னுக்கு மேல் போகவேண்டும். ஆனால் 80 கிரெய்ன் மேட்ச்கிங்கையே மேகசினில் அடக்க முடியாது, ஒவ்வொன்றாகக் கையால்தான் ஏற்றவேண்டும். 90 கிரெய்னோ 6.5 அங்குல முறுக்கைக் கேட்கும். அதற்குக் குழலையே மாற்றவேண்டியிருக்கும்.