பப்மெட்டில் ஒரு செந்தேளைத் தேடிய ராத்திரி

முக்கூடலில் சின்னதாக ஒரு கிளினிக் வைத்திருக்கிறேன். போன ஆவணியில் ஒரு சாயங்காலம், பீடி சுற்றும் ஓர் அம்மா ஒன்பது வயது மகனைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார். “டாக்டரம்மா, பிள்ளையத் தேளு கொட்டிட்டும்மா!” இலைச் சாக்குக்கு அடியில் கிடந்த செந்தேள். பையனுக்கு வேர்த்து ஊற்றியது, பாதம் இரண்டும் ஜில்லிட்டிருந்தன, மூன்று தடவை வாந்தி. ரத்தக் குழாய்களை விரிக்கும் பிரசோசின் மாத்திரை கொடுத்து, 108-ல் திருநெல்வேலி ஹைகிரவுண்டு அரசு ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன். தேள் விஷமுறிவு மருந்து என்னிடம் இல்லை.

அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. பிரசோசின் மட்டும் போதுமா? விஷமுறிவு மருந்தும் சேர்த்தால் பிள்ளை சீக்கிரம் தேறுமா? பப்மெட்டைத் திறந்தேன். அமெரிக்க தேசிய மருத்துவ நூலகம் 1997-லிருந்து எல்லோருக்கும் இலவசமாகத் திறந்துவைத்திருக்கும், மருத்துவக் கட்டுரைகளைத் தேடும் தளம் இது. மூன்றரைக் கோடிக்கும் மேல் கட்டுரைக் குறிப்புகள் இருக்கின்றன. நம்மூர் டாக்டர்கள் தினமும் பயன்படுத்த வேண்டும் என்பது என் ஆசை.

முதலில் ‘தேள்கடி சிகிச்சை’ என்று ஆங்கிலத்தில் பொதுவாக அடித்தேன். மெக்சிகோ, துனிசியா, பிரேசில் என்று வந்து குவிந்தது. அங்கே கொட்டுவது வேறு தேள், விஷமும் வேறு. சரி, நம் தேளின் பெயரைப் போடுவோம் என்றால் அதற்கு ஒரு பெயரா இருக்கிறது? பழைய கட்டுரைகளில் பூத்தஸ் டாமுலஸ், அப்புறம் மீசோபூத்தஸ் டாமுலஸ், இப்போது ஹாட்டன்டாட்டா டாமுலஸ். ஒன்றை மட்டும் போட்டால் மற்ற இரண்டில் எழுதியவை கையைவிட்டுப் போகும். ‘டாமுலஸ்’ என்று மட்டும் போட்டேன், மூன்றும் சிக்கின.

விஷமுறிவு மருந்துக்கும் அதே கதைதான். எழுதுகிறவர்கள் ஆன்டிவெனம் என்கிறார்கள், மெஷ் எனும் பொருள் தலைப்புப் பட்டியலில் அது ஆன்டிவெனின்ஸ். இரண்டையும் ‘ஆர்’ (இரண்டில் ஒன்று இருந்தாலும் போதும்) போட்டுச் சேர்த்து அடைப்புக்குறிக்குள் வைத்து, ‘ஆன்ட்’ (இரண்டும் இருக்க வேண்டும்) போட்டு ‘டாமுலஸ்’ என்பதோடு இணைத்தேன். பப்மெட் இடமிருந்து வலமாகவே படித்துக்கொண்டு போகும், அடைப்புக்குறி இல்லாவிட்டால் அர்த்தம் மாறிவிடும். ‘ஆன்ட்’, ‘ஆர்’ இரண்டையும் பெரிய எழுத்தில் அடியுங்கள். மேற்கோள் குறி போட்டால், இணையான சொற்களைத் தானாகச் சேர்த்துத் தேடும் வசதி நின்றுவிடும், அதனால் அதைப் பார்த்துப் போடுங்கள். கடைசியாக, யாருக்கு எந்த மருந்து என்று குலுக்கிப் பிரித்துச் செய்யும் குலுக்கல் முறை ஆய்வுகள் மட்டும் போதும் என்று வடிகட்டினேன்.

கிடைத்தது 2011-ல் பிஎம்ஜே எனும் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வந்த, பவாஸ்கர் டாக்டர் தம்பதியின் ஆய்வு. மகாராஷ்டிராவின் மகாட் ஊரில், 70 நோயாளிகள், நம் செந்தேளேதான். இரண்டு மருந்தும் பெற்ற 35 பேரில் 32 பேர் பத்து மணி நேரத்தில் முழுசாகத் தேறிவிட்டார்கள். பிரசோசின் மட்டும் பெற்ற 35 பேரில் 8 பேர்தான். அந்த வரியை நான்கு தடவை படித்தேன். முழுக் கட்டுரையும் இலவசமாகவே கிடைத்தது.

எல்லாக் கட்டுரையும் அப்படிக் கிடைக்காது. பலவற்றுக்குச் சுருக்கம் மட்டும்தான், மீதிக்கு இதழ்காரர்கள் காசு கேட்பார்கள். இந்திய இதழ்கள் எல்லாமும் இதில் இல்லை, அவற்றுக்கு, ஆய்வுக் கட்டுரைகளைத் தேடும் கூகுள் ஸ்காலரையும் ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.

பையன் மூன்றாம் நாள் வீடு திரும்பினான். நான் சுற்றுவட்டார ஆஸ்பத்திரிகளுக்குப் போன் போட்டு, தேள் விஷமுறிவு மருந்து எங்கெங்கே இருப்பு இருக்கிறது என்று கேட்டு எழுதி, மேஜைக்கு எதிர்ச் சுவரில் ஒட்டியிருக்கிறேன்.