கோத்தகிரிக்கு வந்திருக்கும் 'மினி தையல் மிஷின்' கண்காட்சி: பணம் கொடுக்கும் முன் இதைப் படியுங்கள்

ஞாயிற்றுக்கிழமை அண்ணன் வீட்டுக்குப் போகும்போது கோத்தகிரியில் அந்தப் பச்சை பேனரைப் பார்த்ததும் வயிற்றைப் பிசைந்தது. 'கம்பெனி நேரடி விற்பனை, நான்கு நாள் மட்டும்.' உள்ளே போய்ப் பார்த்தேன். அதே வெள்ளைப் பெட்டி அடுக்கு, மேசை மேல் அதே ஊதா கலர் மிஷின். போன ஐப்பசியில் குன்னூரில் ஒரு மண்டபத்தில் இதே பேனருக்குக் கீழேதான் 4,800 ரூபாயை விட்டேன். விற்கிற ஆள் வேறு. பேச்சு வரிக்கு வரி அதே பேச்சு.

எங்கள் வீடு இரண்டே அறை. அம்மாவின் மிதி மிஷின் அரவேனுவில் அண்ணன் வீட்டில் இருக்கிறது. இரும்பு ஸ்டாண்டும் பலகையுமாக அதைக் கொண்டுவந்து போட்டால் எங்களுக்குப் பாய் விரிக்க இடம் இருக்காது. எனக்குத் தினமும் தைக்கிற வேலையும் கிடையாது. மகள் வளர வளர யூனிஃபார்ம் பாவாடையின் ஓரத்தைப் பிரித்து இறக்கணும், ஸ்வெட்டர் கை பிரிந்தால் அடிக்கணும், தலையணை உறை, திரைச்சீலை, ஜாக்கெட்டில் அக்குள் பக்கம் ஒரு தையல். மாதத்தில் இரண்டு நாள் எடுத்து, வேலை முடிந்ததும் பீரோ மேல் வைத்துவிடுகிற மாதிரி ஒரு மிஷின் வேண்டும் என்று ரொம்ப நாள் ஆசை.

அந்த ஆசையைத்தான் குன்னூரில் விற்றவர் பிடித்துக்கொண்டார். "தூக்கிப் பாருங்க மேடம், ஒரு கிலோ கூட இல்லை" என்று கையில் கொடுத்தார். "மழையில கரண்ட் போனாலும் நாலு பேட்டரியில ஓடும்." குன்னூர்க்காரர்களுக்கு இதைவிட என்ன சொல்லணும்? ஐப்பசி, கார்த்திகையில் மரம் விழுந்தால் நாள் கணக்கில் இருட்டில் கிடந்திருக்கிறோம். வெள்ளைத் துணி ஒன்றை நான்காக மடித்து சர்ரென்று ஓட்டினார். அடுத்து ஒரு ஜீன்ஸ் துண்டு. சீரான தையல். நான் ஊசியையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவருடைய இடது கை மிஷினுக்குப் பின்னால் இருந்தது. அந்தக் கைதான் துணியை இழுத்துக்கொண்டிருந்தது என்பது வீட்டுக்கு வந்த பிறகுதான் விளங்கியது. அந்த ஜீன்ஸும் துவைத்துத் துவைத்து நைந்த துணி, அதையும் மடிக்காமல் ஒற்றையாகத்தான் ஓட்டினார்.

உள்ளதைச் சொல்லணும். முதல் நாள் பழைய வாயில் புடவையில் தலையணை உறை தைத்தேன், நன்றாகவே வந்தது. மறுநாள் மகளின் டெரிகாட்டன் பாவாடையை வைத்தேன். மடிப்புகள் ஒன்றன் மேல் ஒன்று ஏறுகிற இடம் வந்ததும் மோட்டார் 'ம்ம்ம்' என்று முனகியது. ஊசி இறங்குகிறது, ஏறுகிறது, துணி நகரவில்லை. ஒரே ஓட்டையில் ஏழெட்டுக் குத்து. அடியில் நூல் சுருண்டு உருண்டையாகி, பாவாடையை மிஷினிலிருந்து எடுக்கவே கத்தரி வைக்க வேண்டியிருந்தது. அவரைப் போலவே பின்னாலிருந்து இழுத்துப் பார்த்தேன். நகர்ந்தது. ஆனால் தையல் ஒன்று நீளம், ஒன்று குட்டை. இழுத்த இழுப்பில் ஊசி வளைந்து தட்டில் மோதி முறிந்தது. முறிந்த முனை மகளின் புத்தகத்தின் மேல் போய் விழுந்தது. அவள் பக்கத்தில் உட்கார்ந்து ஹோம்வொர்க் எழுதிக்கொண்டிருந்தாள். இன்றைக்கு நினைத்தாலும் எனக்குக் கை நடுங்குகிறது.

மார்க்கெட் பக்கம் வருஷக் கணக்காக மிஷின் ரிப்பேர் பார்க்கிற ஒருவரிடம் கொண்டுபோனேன். நான்கு ஸ்க்ரூவைக் கழற்றித் திறந்து காட்டினார். உள்ளே பல்சக்கரம் முழுக்க வெள்ளை பிளாஸ்டிக், ஒன்றில் இரண்டு பல் தேய்ந்து போயிருந்தது. "ஏம்மா, இதுல இரும்பு எங்கம்மா இருக்கு?" என்றார். இதற்கு உதிரி பாகமும் கிடைக்காது என்று சொல்லி, காசு வாங்காமலே திருப்பிக் கொடுத்தார்.

அவர் சொல்லித்தான் எனக்குப் புரிந்தது. மேலிருந்து ஃபூட் துணியை அழுத்திப் பிடிக்க, அடியிலிருக்கிற பல் அதைப் பின்னால் தள்ளணும். இரண்டும் சேர்ந்தால்தான் தையல் சீராக விழும். அந்த அழுத்தத்தைத் தாங்க உள்ளே இரும்புச் சட்டம் வேண்டும், கனத்த துணியைக் குத்த மோட்டாரில் பலம் வேண்டும். என்னுடைய மிஷினின் அடாப்டரில் 6 வோல்ட், 1.2 ஆம்பியர் என்று போட்டிருந்தது. பெருக்கினால் 7 வாட் சொச்சம். சாதாரண வீட்டு மிஷினின் மோட்டாரே 60 முதல் 85 வாட் வரை இருக்கும். எந்த எடையைக் காட்டி விற்றாரோ அந்த எடை குறைவதற்காகத்தான் உள்ளே இருக்க வேண்டியதை எல்லாம் எடுத்திருக்கிறார்கள்.

மூன்றாம் நாள் மண்டபத்துக்கு ஓடினேன். பூட்டியிருந்தது. வாடகைக்கு விட்டோம், அவ்வளவுதான் தெரியும் என்றார்கள். 'ஐந்து வருட வாரண்டி' அட்டையில் இருந்த நம்பர் ஸ்விட்ச் ஆஃப், இன்று வரை அப்படியே. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்குப் பேசினேன். பொறுமையாகக் கேட்டார்கள். விற்றவர் பெயர், முகவரி, பில் மூன்றையும் கேட்டார்கள். என்னிடம் இருந்தது 'எஸ்டிமேட்' என்று மேலே அச்சடித்த துண்டுச் சீட்டு. கடைப் பெயர் இல்லை, ஜிஎஸ்டி எண் இல்லை. பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். தயாரித்தவரோ இறக்குமதி செய்தவரோ பெயர், முகவரி, அதிகபட்ச விலை, புகார் செய்ய ஒரு எண் எல்லாம் பெட்டியில் இருந்தே ஆகணும் என்பது சட்டம். ஒன்றும் இல்லை. பில் கொடுக்க மறுப்பதே 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி தவறு. இதை அன்றைக்கே தெரிந்திருந்தால் அந்த மேசையிலேயே கேட்டிருப்பேன். தயவுசெய்து நீங்கள் கேளுங்கள். பில் இல்லை என்றால் வெளியே வந்துவிடுங்கள், அது எவ்வளவு பிடித்த பொருளாக இருந்தாலும்.

ஆன்லைனில் இதே உருவத்தில் ஆயிரம், ஆயிரத்தைந்நூறுக்குக் கிடைக்கிறதைப் பிறகு பார்த்தேன். ஸ்டேப்ளர் மாதிரிக் கையில் பிடித்துத் தைக்கிற ஒன்றும் இருக்கிறது. அது ஒற்றை நூல் சங்கிலித் தையல். கடைசி முனையில் முடிச்சுப் போடாமல் விட்டால் ஒரு இழுப்பில் மொத்தமும் பிரிந்துவிடும். அதில் பிள்ளைகளின் பாவாடையைத் தைத்து அனுப்பாதீர்கள்.

தை மாதம் கோயம்புத்தூர் போய் வேறு மிஷின் வாங்கினேன். இந்தத் தடவை பையில் மகளின் பாவாடையையும் பழைய ஸ்வெட்டர் கையையும் போட்டுக்கொண்டு போனேன். கடைக்காரர் தன் துணியை எடுத்தார், வேண்டாம் என்று என் துணியைக் கொடுத்தேன். "கையை எடுத்துட்டு ஓட்டுங்கண்ணா" என்றேன். பாவாடையின் தடித்த இடத்தில் சற்று நிதானித்து ஏறி, தானாக இறங்கியது. ஸ்வெட்டரை ஜிக்ஜாக்கில் போட்டுக் காட்டினார். கம்பளி இழுபடும்போது நேர்த்தையல் அறுந்துபோகும், வளைந்து வளைந்து போகிற தையல் கூடவே நீளும். மலையில் வருஷம் முழுக்க ஸ்வெட்டர் போடுகிற நமக்கு ஜிக்ஜாக் இல்லாத மிஷின் பாதி மிஷின்தான். எடை 6 கிலோ. அம்மாவின் பழைய கறுப்பு மிஷினில் தலை மட்டுமே 10 கிலோவுக்கு மேல், அதைப் பார்க்க இது லேசு. கைப்பிடியைப் பிடித்து நானே பீரோ மேல் ஏற்றுகிறேன். உஷா ஜனோம், சிங்கர், பிரதர் எல்லாவற்றிலும் இந்த எடையை ஒட்டி வீட்டு மிஷின் இருக்கிறது. எதை எடுத்தாலும் ரிப்பேர் பார்க்க ஊட்டியிலோ மேட்டுப்பாளையத்திலோ ஆள் உண்டா என்று முதலில் விசாரியுங்கள். நம் ஊர் ஈரத்தில் சும்மா வைத்தாலே ஊசி துருப்பிடிக்கும். நான் மழைக்காலத்தில் ஊசியைக் கழற்றித் துணியில் சுற்றி வைக்கிறேன், வாரம் ஒரு முறை ஐந்து நிமிஷமாவது ஓட்டுகிறேன்.

அந்த 4,800ஐ நான் இன்னும் விடவில்லை. நடந்து இரண்டு வருஷத்துக்குள் நாம் வசிக்கிற மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம், நமக்கு நுகர்வோர் ஆணையம் ஊட்டியில் இருக்கிறது. பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் கிடையாது. ஒரே மாதிரி ஏமாந்தவர்கள் சேர்ந்து ஒரே புகாராகவும் கொடுக்க வழி உண்டு. எனக்குத் தேவை விற்றவரின் பெயரும் முகவரியும். குன்னூரிலோ கோத்தகிரியிலோ இந்தப் பச்சை பேனரில் வாங்கியவர்கள், சீட்டில், பணம் அனுப்பிய போன் ரசீதில், வாரண்டி அட்டையில், எதிலாவது ஒரு பெயர் இருந்தால் எனக்குத் தனியாக எழுதுங்கள். கோத்தகிரியில் புதன்கிழமை வரை இருப்பார்கள்.