லாரன்ஸ் சாலை மருந்துக்கடையும் குதிரைப் படம் போட்ட டப்பாவும்

திருப்பாதிரிப்புலியூர் லாரன்ஸ் சாலையில் நாங்கள் வழக்கமாக மருந்து வாங்கும் கடைக்கு ஐந்துக்கு ஐந்து கொடுக்கிறேன். காரணத்தைச் சொல்ல வேண்டுமானால் என் கணவரின் விறைப்புக் குறைபாட்டைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். அவரிடம் கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன். "எழுது, இன்னொருவனுக்காவது உதவட்டும்" என்றார்.

அவருக்கு வயது 54, பல வருடச் சர்க்கரை. சர்க்கரை நோய் ரத்தக் குழாயையும் நரம்பையும் சேர்த்தே கெடுக்கும் என்பதால் இந்தத் தொல்லை சர்க்கரைக்காரர்களுக்குச் சாதாரணமாக வருவது. ஆனால் வாய்விட்டுப் பேசத்தான் ஆளில்லை. சுவரொட்டிகளும், லாட்ஜில் அறை எடுத்து உட்காரும் 'பரம்பரை வைத்தியர்'களும்தான் பேசுகிறார்கள். இப்படி விளம்பரம் செய்வதைத் தடுக்க 1954-லேயே சட்டம் வந்துவிட்டது. இன்றும் தைரியமாக ஒட்டுகிறார்களே என்று நினைத்தால் எனக்கு ஆத்திரமாக வருகிறது.

நண்பர் ஒருவர் சொன்னாரென்று இவர் ஆன்லைனில் ஒரு சத்து கேப்சூல் டப்பா வரவழைத்தார். 60 கேப்சூல், 2,400 ரூபாய். முன்னங்கால்களைத் தூக்கி நிற்கும் குதிரைப் படம். 'நூறு சதவீதம் மூலிகை, பக்கவிளைவு கிடையாது' என்று பொன்னிற எழுத்து. அமுக்கரா, பூனைக்காலி விதை, சிலாஜித்து என்று வரிசையாகப் பெயர்கள் இருந்தன. எது எத்தனை மில்லிகிராம் என்பது மட்டும் இல்லை. அடியில் எள்ளளவு எழுத்தில் 'மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல' என்றிருந்ததைக் கண்ணாடி போட்டுத்தான் படிக்க முடிந்தது.

கேப்சூல் வேலை செய்வதாகத்தான் சொன்னார். ஆனால் போட்டுக்கொண்ட அன்றெல்லாம் முகம் சிவந்து, மூக்கடைத்து, தலைவலி என்று படுத்துவிடுவார். மூலிகைக்கு ஏன் இப்படி என்று மனம் கேட்காமல் டப்பாவை மருந்துக்கடைக்கு எடுத்துப் போனேன்.

கடைப் பெரியவர் டப்பாவைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "அம்மா, ஐயா நெஞ்சுவலிக்கு நாக்கின் அடியில் வைக்கும் மாத்திரை ஏதாவது வைத்திருக்கிறாரா?" என்று கேட்டார். வைத்திருக்கிறார். முன்பு நெஞ்சுவலி என்று போனபோது கொடுத்த சார்பிட்ரேட், சட்டைப் பையிலேயே இருக்கும். சொன்னதும் பெரியவர் டப்பாவைத் தன் பக்கமாக இழுத்து வைத்துக்கொண்டார்.

பிறகு விளக்கினார். என் கணவருக்கு வந்த தொந்தரவுகள் எல்லாம், வயாகரா என்று பலரும் கேள்விப்பட்டிருக்கும் சில்டெனாஃபில் என்ற ஆங்கில மருந்தைப் போட்டால் வரக்கூடியவை. பரிசோதனைக்கூடத்தில் பார்க்காமல் இந்த டப்பாவில் அது இருக்கிறதென்று சொல்ல முடியாது. ஆனால் மூலிகை என்று விற்கும் இப்படிப்பட்ட கேப்சூல்களில், லேபிளில் சொல்லாமலே சில்டெனாஃபிலோ அதே வகையைச் சேர்ந்த தடாலாஃபிலோ கலந்திருந்ததை அமெரிக்க மருந்துத் துறை பலமுறை கண்டுபிடித்து எச்சரித்திருக்கிறது. அந்த மருந்தும் சார்பிட்ரேட்டும் ஒன்றுசேர்ந்தால் ரத்த அழுத்தம் சட்டென்று இறங்கிவிடும். உயிரே போகலாம். 2,400 ரூபாய் வாங்கிக்கொண்டவர்களில் யாரும் இந்தக் கேள்வியைக் கேட்கவில்லை.

"அப்படியானால் நல்ல மாத்திரையாக நீங்களே கொடுங்கள்" என்றேன். மறுத்துவிட்டார். சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத மருந்து என்றார். "முதலில் இதயத்தைப் பாருங்கள். ஆணுறுப்புக்குப் போகும் ரத்தக் குழாய் மெல்லியது. இதய அடைப்பு தெரிவதற்குச் சில வருடம் முன்பே அங்கே தெரிந்துவிடுவது உண்டு" என்றார். ஒரு வியாபாரியிடமிருந்து இதைக் கேட்பேன் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

டாக்டர் ஈசிஜி, டிரெட்மில், மூன்று மாதச் சர்க்கரை அளவு, காலையில் எடுக்கும் டெஸ்டோஸ்டிரோன் எல்லாம் பார்த்தார். இதயம் நன்றாக இருந்ததால் சார்பிட்ரேட்டை நிறுத்தச் சொல்லி, அதன் பிறகுதான் சில்டெனாஃபில் எழுதினார். நெஞ்சுவலிக்காக ஆராய்ந்து, 1998-இல் இந்தக் குறைபாட்டுக்கென்று அமெரிக்காவில் அனுமதி பெற்ற மருந்து அது. முதலில் 25 மில்லிகிராம், இப்போது 50. ஒரு மாத்திரை 30 ரூபாய்க்கும் குறைவு. ஒரு மணி நேரம் முன்னால் போட வேண்டும். பிரியாணி மாதிரி எண்ணெய்ச் சாப்பாட்டுக்குப் பிறகு போட்டால் தாமதமாகும். ஆசையை அது உண்டாக்காது. ஆசை வந்தால் ரத்த ஓட்டத்துக்கு உதவும். தடாலாஃபில் 36 மணி நேரம் வரை நிற்குமாம், எங்களுக்கு அது தேவைப்படவில்லை. லேசான தலைவலி இப்போதும் வருகிறது. ஆனால் எதனால் வருகிறது என்று தெரிந்த தலைவலி.

நாட்டு மருந்தை நான் பழிக்கவில்லை. என் அம்மாவின் மூட்டுவலி சித்த மருத்துவரிடம்தான் குறைந்தது. அவர் ஆளைப் பார்த்து அளவு சொன்னார். அந்த டப்பா யாரையும் பார்க்கவில்லை.

கடையில் ஒரு குறை உண்டு. மாலையில் கூட்டம் நெரியும். உதவிக்கு நிற்கும் பையன் மருந்தின் பெயரை உரக்கப் படிப்பான். மதியம் இரண்டு மணிக்கு மேல் போய்ப் பெரியவரைக் கேளுங்கள். சீட்டோடு, இப்போது சாப்பிடும் எல்லா மாத்திரை அட்டைகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள். ஒவ்வொன்றாகப் பார்த்துச் சொல்வார், அதற்குக் காசு வாங்க மாட்டார்.