டிரில் மெஷினில் பிரஷ் பூட்டி வீடு கழுவுதல்: நீண்டகாலப் பாவனைக்குப் பிறகு

கொழும்பு வெள்ளவத்தையில் கடற்பக்கமாக உள்ள அடுக்குமாடி ஒன்றில் இருக்கிறோம். டிரில் மெஷினில் பூட்டிச் சுழல விடும் நைலோன் பிரஷ்களை வாங்கிச் சில வருடங்களாகிவிட்டன. புதிதாக வாங்கிய எந்தச் சாமானும் முதல் மாதத்தில் நன்றாகத்தான் தெரியும். அதனால் முதல் செட் தேய்ந்து, இரண்டாவதும் பாதி தேய்ந்த பிறகுதான் எழுத உட்கார்ந்தேன்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். டைல்ஸ் இடுக்குக்கும் பால்கனிப் பாசிக்கும் இதைவிட நல்ல சாமான் எங்கள் வீட்டில் இல்லை. குசினியில் அரைவாசி வேலைக்கு உதவும். மற்றபடி பெட்டியில் போட்டிருக்கும் படங்களில் காட்டுகிற பல வேலைகளுக்கு இது தேவையே இல்லை.

வாங்கியதற்குக் காரணம் அம்மாவின் முழங்கால். குளியலறைத் தரையில் குந்தியிருந்து தேய்க்க அவரால் முடியவில்லை, ஆனால் இடுக்குகள் கறுத்துக் கிடப்பதைப் பார்த்துக்கொண்டிருக்கவும் அவரால் முடியாது. வாரத்தில் இரண்டு நாள் உதவிக்கு வரும் அக்காவும் ஐம்பதைத் தாண்டியவர். அவரை முழங்காலில் நிற்கவைத்துச் சுவர் தேய்க்கச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

எங்கள் டிரில் 12 வோல்ட் பற்றரியில் ஓடுவது. பிரஷ் வேலைக்குப் பற்றரி டிரில்தான் வேண்டும் என்பதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை. நமது வீட்டு மின்சாரம் 230 வோல்ட். ஈரத் தரையில் வெறுங்காலுடன் நின்றுகொண்டு வயர் டிரில்லைப் பிடிப்பது உயிரோடு விளையாடும் வேலை. ட்ரிப் சுவிட்ச் இருந்தாலும் செய்யாதீர்கள். பற்றரி டிரில்லிலும் துளை போடப் பாவிக்கும் சுத்தியல் முறையை நிறுத்திவிட்டு, சாதாரணச் சுழற்சியில் மட்டும் வையுங்கள்.

பிரஷின் தண்டு அறுகோணமானது, கால் அங்குல அளவு. டிரில்லின் சக்கில், அதாவது தண்டைக் கவ்விப் பிடிக்கும் வாயில், உள்ள மூன்று தாடைகளும் அறுகோணத்தின் மூன்று பக்கங்களில் சரியாக உட்காரும் என்பதால் வழுக்காமல் பிடிக்கும். எங்கள் செட்டில் மூன்று பிரஷ்கள்: 2 அங்குலத் தட்டை, 4 அங்குலத் தட்டை, மூலைகளுக்கான உருண்டைத் தலை. நிறம் விறைப்பைக் காட்டும். பொதுவாக வெள்ளை மென்மை, மஞ்சள் நடுத்தரம், கறுப்பு மிக விறைப்பு. ஆனால் எல்லாத் தயாரிப்பாளர்களும் ஒரே முறையைப் பின்பற்றுவதில்லை. விரலால் தடவிப் பார்த்து வாங்குவதே மேல். வீட்டுக்குள் கறுப்புக்கு வேலை இல்லை என்பது என் அபிப்பிராயம்.

கொழும்பில் குளியலறை அழுக்கு எப்படிப்பட்டது என்பதையும் சொல்ல வேண்டும். இங்கே குழாய்த் தண்ணீர் களனி கங்கையிலிருந்தும் லபுகம, களட்டுவாவ நீர்த்தேக்கங்களிலிருந்தும் வருகிறது. அதில் சுண்ணாம்பு குறைவு. ஆகவே டைல்ஸில் படிவது பெரும்பாலும் சவர்க்காரப் படலமும் பூஞ்சணமும்தான். இந்த இரண்டையும் பிரஷ் நன்றாக எடுக்கும். யாழ்ப்பாணத்தில் இருக்கும் சித்திக்கும் ஒரு செட் அனுப்பினேன். அங்கே கிணற்றுத் தண்ணீர் சுண்ணாம்புப் பாறையிலிருந்து வருவது, டைல்ஸில் வெள்ளைப் படிவு கல்லாகப் பிடித்திருந்தது. பிரஷ் எவ்வளவு சுழன்றும் அது அசையவில்லை. வினாகிரி ஊற்றிச் சற்று ஊறவிட்ட பிறகுதான் கழன்றது. வினாகிரி சீமெந்தையும் மெல்ல அரிக்கும் என்பதால் நீண்ட நேரம் விட்டுவைக்காமல் கழுவிவிட வேண்டும். மாபிள் தரையில் தொடவே கூடாது.

இடுக்கில் நிரப்பியிருப்பது சீமெந்துக் கலவை. அதில் நுண்ணிய துளைகள் உண்டு. அழுக்கு அதற்குள் இறங்கிவிடுவதால்தான் துணியால் துடைத்து எடுக்க முடிவதில்லை. அப்பச்சோடாவில் கொஞ்சம் தண்ணீர் விட்டுக் குழைத்து இடுக்கில் பூசி, பத்து நிமிடம் விட்டு, அதன் பிறகு மஞ்சள் பிரஷைக் கோட்டின் வழியே ஓட்டுவோம். ஊறவிடும் அந்தப் பத்து நிமிடத்தில்தான் பாதி வேலை நடக்கிறது. பிரஷை முதலில் சுவரில் வைத்துவிட்டுத்தான் விசையை அழுத்த வேண்டும். காற்றில் சுழலவிட்டுக் கொண்டுபோய் வைத்தால் முகம் முழுக்கத் தெறிக்கும். கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள்.

அழுத்திப் பிடித்தால் வேகமாகப் போகும் என்றுதான் யாருக்கும் தோன்றும். அப்படி இல்லை. அழுக்கைச் சுரண்டுவது இழைகளின் நுனி. அழுத்தினால் இழைகள் பாய் விரித்ததுபோலப் படுத்துவிடும், பக்கவாட்டில் வழுக்கிக்கொண்டு சுற்றும், பற்றரியும் சீக்கிரம் இறங்கும். டிரில்லின் சொந்தப் பாரமே போதும். கை வழிகாட்டினால் சரி. நைலோன் தண்ணீரை உறிஞ்சி இளகும் தன்மையுள்ளது. ஆகவே நெடுநேரம் ஈரத்தில் ஓட்டிய பிறகு பிரஷ் மென்மையாகிவிட்டதாகத் தோன்றினால் அது பழுதல்ல, காய்ந்ததும் விறைப்பு திரும்பும். மாறாக, காய்ந்த பரப்பில் அதிவேகத்தில் ஓட்டினால் உராய்வுச் சூட்டில் நுனிகள் கெட்டுப்போகும்.

அக்காவிடம் முதலில் கொடுத்தபோது, "தம்பி, இது கையை இழுத்துப் போடாதா?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. மூலையில் பிரஷ் முட்டினால் டிரில் ஒரு பக்கம் திமிறும். இரண்டு கையாலும் பிடிக்கச் சொன்னேன். இப்போது என்னைவிட அவர்தான் நேர்த்தியாகச் செய்கிறார். சுவருக்குச் சவர்க்காரக் கரைசல் போடும்போது, "கீழ இருந்து மேல போடுங்க தம்பி, வழிஞ்ச கோடு நிக்காது" என்று எனக்குச் சொல்லித்தந்ததும் அவர்தான். காய்ந்த சுவரில் மேலிருந்து போட்டால் வழிந்த இடங்கள் மட்டும் முதலில் வெளுத்துக் கோடுகளாக நிற்கும். கீழிருந்து போனால் சுவர் ஏற்கெனவே நனைந்திருக்கும்.

சில இடங்களில் இது தோற்கும். குளியல் தொட்டியின் விளிம்பிலும் சிங்கைச் சுற்றியும் பூசியிருக்கும் சிலிக்கனுக்குள் கறுப்புப் பூஞ்சணம் இறங்கியிருந்தால் பிரஷால் எடுக்க முடியாது. தேய்க்கத் தேய்க்கச் சிலிக்கன் ஓரம்தான் கிழியும். அதை வெட்டியெடுத்துப் புதிதாகப் பூசுவதே வழி. பழைய வீடுகளில் இடுக்குச் சீமெந்து உதிர்ந்து தூளாகிக் கொண்டிருக்கும். நகத்தால் கீறிப் பாருங்கள். தூள் வந்தால் பிரஷ் பிடிக்காதீர்கள், உள்ளதும் போய்விடும். இரண்டு சுவர்கள் சேரும் உள்மூலைக் கோட்டை உருண்டைத் தலைகூட முழுதாகத் தொடாது. அதற்கு இன்னும் பழைய பல்துலக்கிதான்.

பால்கனிக்கு வருகிறேன். இதன் மீது எனக்கு உண்மையான பற்று வந்தது அங்கேதான். ஏப்ரல், ஒக்டோபர் மாதங்களில் பின்னேர மழை பிடித்துவிட்டால் எங்கள் சீமெந்துத் தரையில் பச்சையும் கறுப்புமாகப் பாசி படரும். அம்மா உடுப்பு காயப்போட அங்கேதான் போவார். அந்த வழுக்கலை நினைத்தாலே எனக்கு நெஞ்சு படபடக்கும். தும்புத்தடியால் தேய்த்தால் மேலே இருப்பது போகும், சீமெந்தின் சொரசொரப்புக்குள் ஒட்டியிருப்பது அப்படியே நிற்கும், அடுத்த மழைக்கே மறுபடி தளைக்கும். குளோரின் ப்ளீச்சைத் தண்ணீரில் கலந்து ஊற்றி, ஊறவிட்டு, 4 அங்குலப் பிரஷை ஓட்டிக் கழுவிய பிறகு அது திரும்பி வர நல்ல இடைவெளி கிடைக்கிறது. சிறிய பால்கனிக்கு இது சரி. வீட்டு முற்றம் முழுவதையும் இதால் கழுவ நினைக்காதீர்கள். பாதியில் பற்றரி இறங்கிவிடும், குனிந்த முதுகும் வலிக்கும்.

ஒரு விடயத்தைக் கட்டாயம் சொல்ல வேண்டும். ப்ளீச் போட்ட இடத்தில் கழிவறைக்குப் பாவிக்கும் அமிலத் திரவத்தையோ வினாகிரியையோ ஊற்றவே கூடாது. குளோரின் வாயு கிளம்பும். நமது அடுக்குமாடிக் குளியலறைகளில் சிறிய யன்னல் ஒன்றுதான் இருக்கும், அதனால் ஆபத்து இன்னும் அதிகம். ப்ளீச்சைத் தனியே பாவித்தாலும் பிரஷ் அதைத் தெறிக்கவைக்கும் என்பதால் கையுறை வேண்டும். தாவணி, சேலைத் தலைப்பு, அவிழ்த்துவிட்ட கூந்தல் எல்லாவற்றையும் இறுக்கிக் கட்டிக்கொண்டு தொடங்குங்கள்.

குசினியில் அடுப்புக்குப் பின்னால் உள்ள டைல்ஸில் தாளிக்கும் எண்ணெய்ப் புகை படிந்து பிசின்போல இறுகியிருக்கும். வெந்நீரும் பாத்திரம் கழுவும் திரவமும் விட்டு ஊறவைத்தால் மஞ்சள் பிரஷ் அதை எடுத்துவிடும். புகைபோக்கியின் அலுமினிய வலைக்கு இதைப் பாவிப்பதில்லை. வலை நசுங்கும், சலவைச் சோடா பட்டால் அலுமினியம் கறுக்கும். நொன்ஸ்டிக் சட்டி, பளபளக்கும் ஸ்டீல் சிங்க், கார் பெயின்ட் ஆகியவற்றில் கீறல் விழும். துணிக் கதிரைகளுக்கு வெள்ளைப் பிரஷ் பாவிக்கலாம்தான், ஆனால் ஈரம் உள்ளே இறங்கினால் கொழும்புக் காற்றில் காயாமல் நாறும். மழை குறைந்த ஜனவரி, பெப்ரவரியில் மட்டும், நுரையை மட்டும் வைத்துச் செய்கிறோம்.

பழுதுகள் என்று பார்த்தால் இரண்டு. முதல் செட்டில் தண்டு ஒரு நட்டால் இறுக்கப்பட்டிருந்தது. வளைந்த இழைகளை நிமிர்த்த எதிர்ப்பக்கம் சுழற்றியபோது நட்டு தளர்ந்து தலை கழன்றது. இப்போது வேலை தொடங்குமுன் நட்டை ஒருமுறை இறுக்கிக்கொள்கிறேன். இரண்டாவது, துரு. கடற்காற்றில் தண்டு துருப்பிடிப்பது மட்டுமல்ல, டிரில்லின் சக்குக்குள் இறங்கும் தண்ணீர்தான் பெரிய சேதம் செய்யும். முடிந்ததும் பிரஷைக் கழற்றிக் கழுவி, வெறும் வாளிக்குள் ஒருமுறை சுழற்றித் தண்ணீரை உதறி, இழைகள் கீழ்நோக்கி இருக்கும்படி தொங்கவிடுகிறோம். சக்கைத் துணியால் துடைத்து ஒரு துளி மெஷின் எண்ணெய் விடுகிறேன். டிரில் இன்றுவரை கெடவில்லை.

வாங்குபவர்கள் புறக்கோட்டைக்குப் பக்கத்தில் பழைய சோனகத் தெரு ஹாட்வெயார் கடைகளில் கையில் எடுத்துப் பார்த்து வாங்கலாம். இழைகளைக் கொத்தாகப் பிடித்து இழுத்துப் பாருங்கள். தண்டைச் சுழற்றித் தலை ஆடாமல் நேராகச் சுற்றுகிறதா என்றும் பாருங்கள், ஆடினால் டிரில் கையில் நிற்காது. எங்கள் வீட்டில் எப்போதும் முதலில் தேய்வது உருண்டைத் தலைதான், 2 அங்குலத் தட்டை கிட்டத்தட்டப் புதிதாகவே கிடக்கிறது. அதனால் அடுத்த முறை செட்டாக வாங்கப் போவதில்லை. மஞ்சள் உருண்டைத் தலை இரண்டும் 4 அங்குலத் தட்டை ஒன்றும் தனித்தனியே கிடைத்தால் போதும்.